ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள்

வெளிநாடுகளில் மாறி மாறி வாழ்ந்தவர்களிடம் "எந்த ஊரு?" என்று கேட்டால், பலரும் ஒரு முன்னுரை சொல்லித்தான் பதிலுக்கு வருகிறார்கள். பிறந்தது ஓரிடம், படித்தது ஓரிடம், வேலை வேறிடம், குடியுரிமை இன்னோரிடம் என்று அது நீளும். நானும் மஸ்கட், சிங்கப்பூர், மெல்பர்ன் என்று குடிபெயர்ந்தவள்தான். ஆனால் "நாகர்கோவில்" என்று சொல்லி நிறுத்திவிடுவேன். அந்தத் துணிச்சலை எனக்குக் கொடுத்தது என் மாவட்டத்தின் வரலாறு.

என் பாட்டி நாகர்கோவிலின் ஒழுகினசேரியை விட்டு வேறெங்கும் குடியிருந்ததில்லை. அவள் பிறந்தபோது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1949இல் திருவிதாங்கூர்-கொச்சி ஆனது. தமிழர் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரி மார்ஷல் நேசமணி தலைமையில் போராட்டம் நடந்தது. 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. 1969இல் அந்த மாநிலமும் தமிழ்நாடு என்று பெயர் மாறியது. பத்மநாபபுரம் அரண்மனையோ இங்கே இருந்துகொண்டே இன்றும் கேரள அரசின் பராமரிப்பில் இருக்கிறது. இத்தனைக்கும் நடுவில், யார் கேட்டாலும் பாட்டி சொன்ன ஊர் ஒன்றுதான்.

திருவனந்தபுரத்துக்குப் போனால் தமிழர் என்ற பொருளில் எங்களைப் பாண்டிக்காரர் என்பார்கள். மதுரை தாண்டினால், "பேச்சுல மலையாளம் வருதே, கேரளாவா?" என்பார்கள். மஸ்கட்டிலும் இந்த இரண்டையும் கேட்டிருக்கிறேன். எல்லையோரத்தில் பிறந்தவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். மாநிலத்தின் பெயரை வைத்து எங்களை விளக்க முடியாது; ஊரின் பெயரை வைத்து முடியும்.

பிறந்தவர்களுக்கு மட்டுமே ஊர் சொந்தம் என்றும் நான் சொல்ல மாட்டேன். 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் சிறைப்பட்டவர் டச்சுக் கம்பெனியின் படைத்தலைவர் டிலனாய். பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்து 'வலிய கப்பித்தான்' ஆனார். 1777இல் இறக்கும்வரை திருவிதாங்கூரிலேயே வாழ்ந்தார். உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் அவருடைய கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. அந்தக் கோட்டைக்கே டிலனாய்க் கோட்டை என்றொரு பெயர் இருந்தது. உழைத்து, உறவு கொண்டாடி, அங்கேயே மண்ணாகிறவருக்கும் அந்த ஊர் சொந்தம்தான். அதனால்தான் சிங்கப்பூரில் பிறந்து மெல்பர்னில் வளரும் என் மகள், "நான் மெல்பர்ன்" என்று சொல்லும்போது நான் திருத்துவதில்லை. அம்மாவின் ஊர் எது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியும். அது போதும்.

ஊருக்கு வந்தால் கேள்வி ஒன்றோடு நிற்காது. "நாகர்கோவில்ல எங்க?" என்பார்கள். ஒழுகினசேரி என்றால், "ஆருக்க மவ மக்கா?" என்பார்கள். பெரும்பாலும் அது பாசம். பாட்டியின் பெயரைச் சொன்னதும் கையைப் பிடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. சாதியைத் தெரிந்துகொள்வதற்காகத் தெருவைக் கேட்பவர்களும் உண்டு. சாதியின் பெயரால் மறுக்கப்பட்ட, தோள்சீலை அணியும் உரிமைக்காகப் பெண்கள் பல ஆண்டுகள் போராடி, 1859இல் அரசரின் அறிவிப்பைப் பெற்ற மண் இது. இங்கே வந்து அப்படிக் கேட்பவர்களுக்கு நான் தெருவைச் சொல்வதில்லை.

வெளிநாட்டில் இருக்கும் நம் மாவட்டத்துக்காரர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கேட்பவருக்குப் புரியாது என்று நினைத்து, "சென்னைப் பக்கம்" என்று சொல்லிவிடாதீர்கள். நாகர்கோவில், குளச்சல், தக்கலை, ஆரல்வாய்மொழி என்று உள்ளதைச் சொல்லுங்கள். எங்கே இருக்கிறது என்று கேட்டால், இந்தியாவின் தென்முனையில் கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் என்று விளக்குங்கள். அதற்கு அரை நிமிடம் கூட ஆகாது.