எச்சம் எங்கே போய் முடிகிறது?

இராசபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில் சேத்தூரைத் தாண்டினால் தேவதானம். அங்கே கோயில் கொண்டிருக்கும் இறைவனின் பெயர் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி; அம்மையின் பெயர் தவம் பெற்ற நாயகி. வடக்கே திருவில்லிபுத்தூருக்குப் போனால் சூடிக்கொடுத்த நாச்சியார். எங்கள் வட்டாரத்துத் தெய்வப் பெயர்கள் பலவும் இப்படி எச்சத் தொடர்களாகவே அமைந்திருக்கின்றன. என்ன செய்தார் என்பதை முதலில் சொல்லி, யார் என்பதைக் கடைசியில் சொல்வது தமிழின் இயல்பு. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஆங்கிலம் எழுதப் புகும்போது முதலில் இடறுகிற இடமும் இதுதான்.

வேலைக்கு விண்ணப்பம் எழுதும் பிள்ளைகள் சிலர் அதை எங்களிடம் கொண்டுவந்து காட்டுவது வழக்கம். ஒரு இளைஞன் நூற்பாலையில் மூன்றாண்டுகள் உழைத்தவன், தமிழ்வழியில் படித்தவன். ஒரு நிறுவனத்தின் நேர்காணலில், அவன் எழுதிய ஒரு வாக்கியத்தை உரக்கப் படித்துச் சிரித்திருக்கிறார்கள். 'ஹேவிங் வொர்க்டு த்ரீ இயர்ஸ் இன் எ ஸ்பின்னிங் மில், தி மேனேஜர் கேவ் மி எ சர்டிபிகேட்' என்பது அவ்வாக்கியம். அதன்படி, மூன்றாண்டுகள் ஆலையில் வேலை பார்த்தவர் மேலாளர்! சான்றிதழ் மட்டும் இவனுக்கு. "நான் எழுதினது அப்படியா அர்த்தமாகுது அண்ணாச்சி?" என்று அவன் கேட்டபோது எங்களால் சிரிக்க முடியவில்லை. மூன்றாண்டு உழைப்பு ஒரு காற்புள்ளிக்கு அப்பால் வேறொருவர் கணக்கில் ஏறிவிட்டது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ஒன்றுண்டு: தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதுவதால் வரும் கேடு இது என்பார்கள். நாங்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. அவ்வாக்கியத்தை அப்படியே தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'மூன்றாண்டுகள் ஆலையில் வேலை பார்த்து, மேலாளர் எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்.' தமிழ்க் காதுக்கும் இது உறுத்துகிறது அல்லவா? 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் அந்த வினையைச் செய்தவனுடைய வினையையே கொண்டு முடியவேண்டும் என்பது தொல்காப்பிய வினையியலில் உள்ள விதி. செய்து, செய்யூ, செய்பு ஆகிய மூன்றுக்கும் இவ்விதி. ஏனைய எச்சங்கள் தம் வினைமுதலையும் கொள்ளலாம், பிறவற்றையும் கொள்ளலாம். ஆங்கில இலக்கண நூல்கள் தொங்கும் எச்சம் என்று எச்சரிப்பது இதைத்தான். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க் 1918இல் வெளியிட்ட சிறு நூலிலும், வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் எச்சத்தொடர் எழுவாயையே சுட்டவேண்டும் என்று விதி வகுத்திருக்கிறார். அவ்விதி எங்கள் வீட்டுப் பரணிலேயே இருந்திருக்கிறது. எடுத்துக் காட்டத்தான் ஆளில்லை.

விதிவிலக்குகளும் நம்மிடம் உண்டு. 'ஞாயிறு பட்டு வந்தான்' என்ற தொடரை உரைகாரர்கள் எடுத்துக்காட்டுவார்கள். பட்டது ஞாயிறு, வந்தது அவன். 'பட' என்னும் எச்சம் 'பட்டு' எனத் திரிந்து நின்றதாக அமைதி கூறுவார்கள். ஆங்கிலத்திலும் ஞாயிற்றை எச்சத்துக்கு முன்னால் நிறுத்திச் சொன்னால் அத்தொடர் வழு அல்ல. ஆக, செய்தவர் யார் என்பது தெரிந்துவிட்டால் இரு மொழிகளும் மன்னிக்கின்றன. தெரியாவிட்டால் இரண்டுமே மன்னிப்பதில்லை.

எனவே அந்த இளைஞனுக்கு நாங்கள் சொன்ன வழி எளியது. தமிழில் 'பார்த்து' என்று சொல்ல முடிகிற இடத்தில் மட்டும் 'ஹேவிங்' போடு. 'பார்த்தபின்', 'பார்த்ததால்' என்று தமிழ் மாறினால், ஆங்கிலத்திலும் 'ஆஃப்டர் ஐ' என்றோ 'பிகாஸ் ஐ' என்றோ எழுவாயோடு தொடங்கு. ஆண்டாள் பெயரே இதற்கு நல்ல பாடம். சூடியவள் அவள், கொடுத்தவளும் அவள். ஆகவே 'சூடிக் கொடுத்த' என்பது பழுதற்ற தொடர். இதையே அலுவலக ஆங்கிலப் பாணியில் செயப்பாட்டு வினையாக்கி, 'சூடி, மாலை கொடுக்கப்பட்டது' என்று எழுதினால் சூடியது மாலையாகிவிடும். நம் அலுவலகக் கடிதங்களில் எச்சங்கள் இவ்வளவு தொங்குவதற்குச் செயப்பாட்டு வினையின் மீதுள்ள மோகமும் ஒரு காரணம் என்றே தோன்றுகிறது.

பெயரெச்சத்தின் கதை வேறு. 'ஹூ', 'விச்' போன்ற இணைப்புச் சொற்களுக்குப் பதிலாகத் திராவிட மொழிகள் பெயரெச்சத்தையே பயன்படுத்துகின்றன என்பதைக் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் விளக்கியிருக்கிறார். தமிழில் அடை முன்னே வரும், பெயர் பின்னே வரும். ஆங்கிலத்தில் நீண்ட அடை பெயருக்குப் பின்னே செல்லும்; அப்படிச் செல்லும்போது தன் பெயரின் தோளை விட்டுவிடக்கூடாது. தேவதானத்துத் தலபுராணக் கதை, பாண்டியனைக் கொல்லச் சோழன் அனுப்பிய நஞ்சு தோய்ந்த ஆடையின் தீங்கை இறைவன் தவிர்த்தான் என்பது. 'சோழன் அனுப்பிய' என்னும் அடை ஆங்கிலத்தில் ஆடையை ஒட்டி நின்றால் கதை பிழைக்கும். பாண்டியனை ஒட்டி நின்றால், சோழன் அனுப்பி வைத்த ஆளாகப் பாண்டியன் மாறிவிடுவான்!

'ஒன்லி' என்ற சிறு சொல் செய்யும் குறும்பு இதனினும் பெரிது. தமிழில் 'மட்டும்' தான் சுட்டும் சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டே வரும். 'எங்கள் தெருவில் மட்டும் காலையில் தண்ணீர் வருகிறது' என்றால் அது சலுகை. 'எங்கள் தெருவில் காலையில் மட்டும் தண்ணீர் வருகிறது' என்றால் அது முறையீடு. ஆங்கிலத்தில் 'ஒன்லி' வினைக்கு முன்னால் போய் வசதியாக உட்கார்ந்துகொள்ளும். எதைச் சுட்டுகிறது என்பதைப் பேசுபவரின் குரல் அழுத்தம் காட்டும். அறிஞர் ஃபௌலர் தமது 1926ஆம் ஆண்டு நூலில், குழப்பம் நேராத இடத்தில் இச்சொல்லை நகர்த்தச் சொல்லி அடம்பிடிப்பவர்களைக் கண்டித்தார். பேச்சுக்கு அது நியாயம். ஆனால் மனுவுக்குக் குரல் கிடையாது. தண்ணீருக்காக எழுதிய மனுவைப் படிக்கும் அதிகாரி, இவர்களுக்கு மட்டும் தண்ணீர் வருகிறதே என்று எண்ணிக் கோப்பை மூடிவிட்டால், அடுத்த கோடையில் குடத்தோடு அலைவது எங்கள் வீட்டுப் பெண்கள்தாம்.

தமிழில் மயக்கமே இல்லை என்று மார்தட்டிக்கொள்ளவும் வேண்டாம். 'பழைய புத்தகக் கடை' என்றால் பழையது புத்தகமா, கடையா? 'சுத்தமான பசும்பால் பால்கோவா' என்று எழுதினால் சுத்தம் பாலுக்கா, பால்கோவாவுக்கா? (திருவில்லிபுத்தூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், இரண்டுக்கும் என்றே கொள்வோம்.) நன்னூல் எட்டுப் பொருள்கோள்களை வகுத்திருக்கிறது. அவற்றுள் தாப்பிசை என்பது ஊஞ்சலைப் போன்றது: நடுவில் நிற்கும் சொல் இருபுறமும் சென்று பொருந்திப் பொருள் தரும். ஆங்கிலத்திலும் நடுவில் நிற்கும் சொற்கள் உண்டு. 'ஸ்டூடண்ட்ஸ் ஹூ ரைட் ஆஃபன் இம்ப்ரூவ்' என்பதில் 'ஆஃபன்' எந்தப் பக்கத்துச் சொல்? அடிக்கடி எழுதுகிறார்களா, அடிக்கடி தேறுகிறார்களா? தாப்பிசையில் சொல் இருபுறமும் உதவுகிறது. இங்கோ எந்தப் பக்கம் என்று தெரியாமல் வாசகன்தான் ஊஞ்சலாடுகிறான்.

செய்யுளுக்குப் பொருள்கோள் உண்டு, கூட்டிப் பொருள் சொல்ல உரையாசிரியரும் உண்டு. வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டிருப்பதால் 'கண்ணனை இராமன் பார்த்தான்' என்று மாற்றி வைத்தாலும் பார்த்தவன் மாறுவதில்லை. ஆங்கிலம் தன் பழைய உருபுகளில் பெரும்பாலானவற்றை உதிர்த்துவிட்ட மொழி. அங்கே இடமே உருபு. இடம் பெயர்ந்தால் பொருளும் பெயரும். தமிழ்ப் பாடவேளையில் எச்சத்தைச் சொல்லித் தரும் ஆசிரியரும், ஆங்கிலப் பாடவேளையில் 'பார்ட்டிசிபிள்' சொல்லித் தரும் ஆசிரியரும் ஒரே பள்ளியில் இருக்கிறார்கள். ஒரு நாளாவது இருவரும் ஒரே கரும்பலகையின் முன் நின்று, ஒரே வாக்கியத்தை இரு மொழியிலும் எழுதிக் காட்டவேண்டும் என்பது எங்கள் விருப்பம். அந்த இளைஞன் விண்ணப்பத்தைத் திருத்தி எழுதிவிட்டான். இப்போது அதில் ஆலையில் உழைத்தவன் அவனே.