மேடத்தைக் கேட்கணும்மா!

"உங்க பொண்ணு என்ன பண்றா?" என்று யாராவது கேட்டால், "ஆஸ்பத்திரியில வேலை" என்பேன். அதற்கு மேல் தோண்டினால், அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிச் சமையலறைக்குள் நுழைந்துவிடுவேன். ஒரு வருஷம் இப்படியே ஓட்டினேன்.

என்ன காரணம் என்கிறீர்களா? அவள் இருப்பது மனநலப் பிரிவில். எம்.ஏ. உளவியல் முடித்துவிட்டு, ஓர் அரசு ஆஸ்பத்திரியில் சீனியர் உளவியலாளர் ஒருவரின் மேற்பார்வையில் பயிற்சி பெறுகிறாள். நாங்கள் சின்னப் பெண்களாக இருந்தபோது சண்டை வந்தால், "உன்னைக் கீழ்ப்பாக்கத்துக்குத்தான் அனுப்பணும்" என்று திட்டிக்கொள்வோம். அந்த ஆஸ்பத்திரி 1794-லேயே சென்னையில் தொடங்கியது, இத்தனை தலைமுறையாக எத்தனையோ பேரைக் கவனித்து அனுப்பியிருக்கிறது என்பதெல்லாம் என் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒரு வரன் வந்தபோது பையனின் அம்மா முகம் சுளித்தார். அன்றைக்கு ராத்திரி நான், "வேற வேலை பார்த்துக்கயேன்டி" என்றேன். அவள் கோபப்படவில்லை. "அம்மா, 2001-ல ஏர்வாடியில தீப்பிடிச்சப்போ 28 பேர் செத்தாங்களே, ஞாபகம் இருக்கா? சங்கிலி போட்டுக் கட்டியிருந்ததால அவங்களால ஓட முடியலை. எல்லாரும் முகத்தைச் சுளிச்சு விலகினதாலதானே அவங்களை அங்க கொண்டுபோய் விட்டாங்க?" என்றாள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறதாம். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் மனசு ஒப்பவில்லை என்பதுதான் உண்மை.

இன்னொன்றும் எனக்கு உறுத்தலாக இருந்தது. எதற்கெடுத்தாலும், "மேடத்தைக் கேட்கணும்" என்பாள். புத்தி வளர்ச்சி குறைந்த குழந்தைகளை அழைத்து வருவார்கள். மரப்பலகையில் வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று 10 வடிவக் கட்டைகளைப் பொருத்தச் சொல்லி, எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்வாள். அம்மாவிடம், குழந்தை தானாகச் சாப்பிடுகிறதா, சட்டை போட்டுக்கொள்கிறதா என்றெல்லாம் விசாரிப்பாள். எல்லாம் எழுதி முடித்தாலும், மேடம் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு. அதை வைத்துத்தான் அந்தக் குழந்தைக்குச் சான்றிதழும் உதவித்தொகையும் கிடைக்கும். ஒரு எண் தப்பினால் ஒரு குடும்பத்துக்கே கஷ்டம். "இவ்வளவு படிச்சும் உன் கையெழுத்துக்கு மதிப்பில்லையா?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

அங்கே வருகிறவர்கள் கதையை வீட்டில் சொல்லமாட்டாள். எப்படித்தான் மனசுக்குள் பூட்டிவைக்கிறாளோ என்று நினைப்பேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். (அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். "எழுதுங்க அத்தை, நாலு பேருக்கு உதவட்டும்" என்றாள்.)

எங்கள் எதிர்வீட்டு மருமகளுக்குத் தலைப்பிரசவம். அழகான ஆண் குழந்தை. நாற்பது நாள் ஆகியும் அந்தப் பெண் முகத்தில் களையே இல்லை. குழந்தை தூங்கினாலும் இவள் தூங்குவதில்லை. குழந்தையைக் குளிப்பாட்டச் சொன்னால், "பயமா இருக்கு" என்று அழுவாள். மாமியார் என்னைக் கூப்பிட்டு, "நீங்களாவது புத்தி சொல்லுங்க அக்கா" என்றார்.

நானும் போனேன். "நாங்க எல்லாம் பெத்துக்கலையா? பால் கொடுக்கிறவ அழலாமா? பால் வத்திப்போயிடும். தங்கமாட்டம் பிள்ளையை வச்சுக்கிட்டு என்னம்மா குறை உனக்கு?" என்று அரைமணி நேரம் பேசினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். மறுநாள் போனபோது அழவே இல்லை. எனக்கு ஒரே பெருமை! என் பெண்ணிடம் சொன்னேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "அழறதை நிறுத்தலைம்மா. உன் முன்னாடி அழறதை நிறுத்திட்டா" என்றாள்.

"அப்படின்னா நீயே வந்து பேசேன். அதுக்குத்தானே படிச்சே?"

"எதிர்வீட்டுப் பொண்ணா வரேன். வைத்தியம் பண்ண வரமாட்டேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஊரார் வீட்டுக் கஷ்டத்தையெல்லாம் கேட்கிறாள், எதிர்வீட்டுக்கு உதவமாட்டாளாம்! "உன் படிப்பு எதுக்கு லாயக்கு?" என்றுகூடக் கேட்டுவிட்டேன். பதில் சொல்லாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு, "வா போகலாம்" என்றாள்.

அங்கே அவள் என்னைப் போல் பேசவில்லை. பாயில் அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து, "தூக்கம் எப்படி இருக்கு? சாப்பிட முடியுதா?" என்று மெதுவாகக் கேட்டாள். அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, சாதாரணமாகக் கேட்பது போல, "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று கேட்டாள்.

எனக்குப் பகீரென்றது. குழந்தை பெற்ற வீட்டில் கேட்கிற கேள்வியா இது? ஆனால் அந்தப் பெண், "ஆமா... ரெண்டு நாளா" என்றாளே, பார்க்கணும்! அவள் மாமியார் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். எனக்கும் கால் நடுங்கியது. 'ரெண்டு நாளா' என்றால், நான் புத்தி சொன்ன பிறகு அல்லவா?

என் பெண் பதறவில்லை. "சொன்னது ரொம்ப நல்லதாச்சு. இதுக்கு வைத்தியம் இருக்கு. ஆனா நான் தனியாப் பார்க்கக்கூடாது. எங்க மேடத்தைக் கேட்கட்டுமா?" என்று அவளிடமே அனுமதி கேட்டு, அங்கேயே போன் போட்டாள். மேடம் சொன்னதை வரிசையாக எங்களிடம் சொன்னாள். இன்று ராத்திரி ஒரு நிமிஷம்கூட அவளைத் தனியாக விடக்கூடாது. வீட்டில் உள்ள மாத்திரை, பூச்சிமருந்து எல்லாவற்றையும் எடுத்துப் பூட்ட வேண்டும். குழந்தையை மாமியார் பார்த்துக்கொண்டு அவளைத் தூங்கவிட வேண்டும். காலையில் முதல் வேலையாக ஆஸ்பத்திரி. நடுவில் நிலைமை மோசமானால் விடியும்வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

ராத்திரி 14416 என்ற எண்ணுக்கும் பேசினோம். 2022-ல் அரசாங்கம் ஆரம்பித்த 'டெலி மானஸ்' சேவை அது. காசு கிடையாது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

காலையில் மனநல டாக்டர் பார்த்தார். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு என்று சொல்லி, தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்து எழுதிக்கொடுத்தார். மேடமும் தனியாக உட்கார்ந்து பேசினார். என் பெண் அறைக்குள்ளேயே போகவில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "ஏண்டி உள்ளே போகலை?"

"தினமும் பார்க்கிற எதிர்வீட்டுப் பொண்ணு என்னை வச்சுக்கிட்டு எல்லாத்தையும் சொல்லுவாளாம்மா? மாமியாரைப் பத்திச் சொல்லணும்னா? என்னைப் பத்தியேகூடச் சொல்லணும்னா? அப்புறம், எனக்கு என்ன தெரியலைங்கிறது எனக்கே தெரியாத நேரம் இது. நான் பேசுறதுல ஒரு தப்பு வந்தா, அது அவ உயிரோட போகும். அதனாலதான் ரெண்டு வருஷம் முழுசா ஒருத்தர் மேற்பார்வையில பயிற்சி எடுக்கணும்னு சட்டத்துலயே வச்சிருக்காங்க. மேடம் எனக்கு அதிகாரி மட்டும் இல்லைம்மா. நான் கேட்ட பாரத்தையெல்லாம் அவங்ககிட்ட இறக்கி வச்சிட்டுத்தான் வீட்டுக்கு வரேன். இல்லேன்னா ராத்திரி எனக்குத் தூக்கம் வருமா?"

மனசுக்குள் எப்படிப் பூட்டிவைக்கிறாள் என்று வியந்தேனே, அதற்குப் பதில் கிடைத்தது. கையெழுத்துக்கு மதிப்பில்லையா என்று சிரித்தேனே, அதற்கும்தான்! 'மேடத்தைக் கேட்கணும்' என்பதைத் தைரியமில்லாதவள் பேச்சு என்று நினைத்திருந்தேன். அந்த வீட்டில் யாரையும் கேட்காமல் தைரியமாகப் பேசியவள் நான்தான். அதன் பலனையும் பார்த்தாகிவிட்டது.

"சாகணும்னு தோணுதான்னு கேட்டியே, அது நாமே ஞாபகப்படுத்தற மாதிரி ஆகாதா?" என்றும் கேட்டேன். ஆகாதாம். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராதாம். ஏற்கெனவே இருந்தால், சொல்ல ஒரு வாசல் திறக்குமாம்.

சகோதரிகளே, எனக்குப் பெரிய படிப்பு இல்லை. நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். பிரசவமான முதல் சில நாட்கள் கண்ணீர் வருவது சகஜம், தானே சரியாகிவிடும். இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகை, தூக்கமின்மை, பயம் நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். சாக வேண்டும், குழந்தையை ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ, காதில் குரல் கேட்கிறது என்று சம்பந்தமில்லாமல் பேசினாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1996-ல் நம் திருச்சி உள்பட நாட்டில் 4 மாவட்டங்களில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் இன்று பரவியிருக்கிறது. மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், புத்தி சொல்வதை நிறுத்திவிட்டு, "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டு, பதில் வரும்வரை உட்காருங்கள்.

எதிர்வீட்டுக் குழந்தைக்கு இப்போது பல் முளைக்கிறது. அவன் அம்மாதான் தினமும் குளிப்பாட்டுகிறாள். தண்ணீர் சத்தமும் அவன் கூச்சலும் எங்கள் வாசல்வரை கேட்கும்.

போன வாரம் ஒரு கல்யாணத்தில் தூரத்து உறவுக்கார அம்மாள், "உங்க பொண்ணு என்ன பண்றா?" என்று கேட்டார். "அரசு ஆஸ்பத்திரியில, மனநலப் பிரிவுல இருக்கா" என்றேன். அந்த அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "என் மருமகளைப் பத்தி உங்க பொண்ணுகிட்ட ஒண்ணு கேட்கணும்..." என்று மெல்ல ஆரம்பித்தார்.

நான் புத்தி சொல்லவில்லை. அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, எங்கே போக வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.