கை காய்க்கும் காலம்

தமிழில் மரமும் காய்க்கும், கையும் காய்க்கும். மண்வெட்டி பிடித்த கை, வலை இழுத்த கை, பனை ஏறினவரின் கால், எல்லாவற்றிலும் வருகிற அந்தத் தடித்த தோலைத்தான் எங்கட ஊரில் காய்ப்பு எண்டு சொல்லுறது. பேஸ் கிட்டார் பழகத் தொடங்கின ஆருக்கும் இந்தச் சொல் கொஞ்ச நாளிலேயே தேவைப்படும். யூடியூப்பில் இதைப் பற்றிக் கதைக்கிறவர்களில் கனபேர் கரண்டியால் சாப்பிடுகிற ஆக்கள். கையால் சோறு குழைத்துச் சாப்பிடுகிற, கிணற்றில் அள்ளிக் குளிக்கிற ஒராளின் விரலுக்கு என்ன நடக்கும் எண்டு அவை சொல்லுறதில்லை. அதால்தான் இதை எழுதுறன்.

முதலில், ஏன் இவ்வளவு நோகுது? சாதாரண எலக்ட்ரிக் கிட்டாரின் ஆக மெல்லிய கம்பி கால் மில்லிமீற்றர் தடிப்புத்தான். பேஸில் ஆக மெல்லியதே ஒரு மில்லிமீற்றருக்கு மேல். ஆகத் தடித்த ஈ கம்பி இரண்டரை மில்லிமீற்றரையும் தாண்டும். கம்பி அதிருகிற நீளம் வழமையாக 34 அங்குலம். ஒவ்வொரு கம்பியும் 15 முதல் 20 கிலோ வரையான இழுவையில் நிற்கும். போதாக்குறைக்கு, பெரும்பாலான கம்பிகளில் வெளிச்சுற்று வட்டக் கம்பியாக இருப்பதால் மேற்பரப்பு அரம் மாதிரி. இடது கை விரல் நுனி அதை அழுத்த வேண்டும். வலது கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் அதை மாறி மாறி இழுத்துவிட வேண்டும். இரண்டு கைக்கும் இரண்டு விதமான நோ.

எனக்கு முதல் கொப்புளம் வந்தது வலது கையில், தொடங்கி ஆறாம் நாள். அண்டைக்கு மத்தியானம் வீட்டில் மீன் குழம்பு. எங்கட தூள் எப்பிடி எண்டு யாழ்ப்பாணத்து ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உடைந்த கொப்புளத்தோடு சோத்தில் கை வைத்தவுடன் உச்சந்தலை வரை எரிந்தது. அடுத்த மூன்று நாளும் அம்மாவின் கேலிக்கு நடுவில் கரண்டிதான். இதில் ஒரு பாடம் இருக்கிறது. கொப்புளம் வந்தால் அதைக் குத்தி உடைக்கக்கூடாது. மேல்தோல்தான் உள்ளே இருக்கிற புதுத்தோலுக்கு மூடி. தானாக உடைந்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உலரவிட்டு, சுத்தமாக மூடிவைத்தால் போதும். தொங்குகிற தோலைப் பிய்க்கத் தேவையில்லை.

கொப்புளமும் காய்ப்பும் ஒரே உரசலின் இரண்டு பிள்ளைகள். தோலுக்குத் தாங்க ஏலாத அளவுக்கு, ஒரே இருப்பில், கன நேரம் உரசினால் மேல்தோலின் படைகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரியும். அந்த இடைவெளியில் நீர் சேரும். அது கொப்புளம். அதே உரசல் அளவாக, திரும்பத் திரும்ப, இடைக்கிடை ஓய்வோடு வந்தால் தோல் வேறு விதமாக முடிவெடுக்கும். கெரட்டின் நிறைந்த செத்த செல்களின் வெளிப்படையைத் தடிப்பாக்கும். அது காய்ப்பு. மேல்தோல் முழுவதும் புதிதாக மாறவே கிட்டத்தட்ட ஒரு மாதம் எடுக்கும். ஆகவே ஒரு கிழமையில் காய்ப்பு வரவேணும் எண்டு நினைக்கிறது நட்ட அடுத்த கிழமை வெங்காயம் கிண்டப் போகிற மாதிரி.

இதுக்குள் ஒரு முக்கியமான விசயம் இருக்கிறது: காய்ப்பை உண்டாக்குவது வாசிப்பு மட்டுமில்லை, வாசிக்காத நேரமும்தான். மூன்று மணித்தியாலம் ஒரே மூச்சில் இருந்துவிட்டு அடுத்த நாலு நாள் கிட்டாரைத் தொடாமல் இருக்கிறதை விட, காலமை 10 நிமிசம், பின்னேரம் 15 நிமிசம், படுக்க முதல் ஒரு 10 நிமிசம் எண்டு ஒவ்வொரு நாளும் தொடுறது எவ்வளவோ மேல். தோல் சூடாகி எரியத் தொடங்கினால் அதுதான் நிப்பாட்டச் சொல்லுகிற மணி. மிச்ச நேரத்தில் செய்ய வேறு வேலை இருக்கிறது. பாட்டைக் கேட்டு பேஸ் எங்கே போகுது எண்டு வாயால் பாடிப் பாருங்கோ. இளையராஜாவின் பாட்டுகளில் சசிதரன் வாசித்த பேஸை மட்டும் பிரித்துக் கேட்டு முணுமுணுக்கப் பழகினால், விரல் ஆறுகிற நேரத்தில் காது வளரும்.

குளிப்பும் ஒரு பிரச்சினை. கிணற்றடியில் அரை மணித்தியாலம் நின்று குளித்துவிட்டு, அல்லது தேங்காய்ப்பால் பிழிந்துவிட்டு, உடுப்புத் தோய்த்துவிட்டு உடனே வாசிக்க இருந்தால் ஊறின தோல் இலகுவாக உரியும். கிழமைக்கணக்காக வந்த காய்ப்பு ஒரு பின்னேரத்தில் போய்விடும். அரை மணித்தியாலமாவது கழியட்டும். மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் வீணை படித்த ஒரு அக்கா சொன்னது இன்னொன்று. காய்ப்பு வந்தபிறகு அது மிகவும் காய்ந்து வெடிக்க விடக்கூடாது. இரவில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் போதும். ஓரம் கிளம்பினால் பல்லால் கடிக்காமல் நக அரத்தால் மெதுவாகத் தேய்த்துவிட வேணும். வீணைக்காரரின் இடது கை விரல்களில் தந்தி ஓடின தடத்தைப் பார்த்தால் அவர் எத்தனை வருசம் பழகினவர் எண்டு ஓரளவு சொல்லலாம்.

நோவில் பாதி தோலின் குற்றமில்லை, கிட்டாரின் குற்றம். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையில் உயரம் கூடவாக இருந்தால் எந்தக் காய்ப்பும் உதவாது. பாலத்தில் உள்ள சின்னத் திருகாணிகளால் அந்த உயரத்தைக் குறைக்கலாம். கழுத்து வளைந்திருந்தால் உள்ளே இருக்கிற இரும்புக் கம்பியைத் திருப்பி நேராக்க வேணும். அதைத் தெரிந்த ஆளிடம் குடுங்கோ. இடது கை விரலை ஃப்ரெட்டுக்குச் சரியாகப் பின்னால், அதை ஒட்டி வைத்தால் பாதிப் பலம் போதும். இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் அழுத்தினால் சத்தமும் கரகரக்கும், விரலும் நோகும். வலது கைக்கு இன்னும் இலகுவான வைத்தியம் இருக்கிறது: அம்ப்பில் சத்தத்தைக் கூட்டிவிட்டு விரலால் மெல்லமாக இழுங்கோ. அம்ப் இல்லாமல் அறைக்குள் பழகுகிற ஆக்கள் சத்தம் கேட்கவேணும் எண்டு கம்பியைப் பிடுங்கிற மாதிரி இழுப்பினம். கொப்புளம் வருகிற வழி அதுதான். ஹெட்போன் மாட்டுகிற சின்னக் கருவி ஒன்று இருந்தாலே விரல் தப்பும்.

கம்பியையும் மாற்றலாம். வெளிச்சுற்றுத் தட்டையாக உள்ள கம்பிகள் விரலுக்கு வழுவழுப்பாக இருக்கும். சத்தமும் கொஞ்சம் மங்கலாக, பழைய பாட்டுச் சத்தமாக வரும். டெட்ரோயிட்டில் மோடவுன் நிறுவனத்தின் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தட்டைக் கம்பியில்தான் வாசித்தார். அதுவும் வலது கையின் சுட்டுவிரல் ஒன்றால் மட்டும். ஆனால் 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போன பிறகு, கம்பி மாற்றுகிறது எண்டது எங்களுக்கு இரண்டு தரம் யோசிக்கிற காரியம். பேஸ் கம்பி நாலுதான், ஆனால் விலை கிட்டார் கம்பியை விடப் பல மடங்கு. எங்கட வெக்கைக்கும் வியர்வைக்கும் கடற்காற்றுக்கும் அது கெதியாய்க் கறுத்துச் சொரசொரக்கும். சொரசொரத்த கம்பி விரலை இன்னும் அரிக்கும். வாசித்து முடிய ஒவ்வொரு தரமும் காய்ந்த துணியால் மேலும் கீழும் துடைக்கிறது ஒரு நிமிச வேலை. அது கம்பிக்கும் நல்லது, தோலுக்கும் நல்லது.

விரல் நோவுக்கு எங்கட மண்ணிலேயே இன்னொரு பதில் இருக்கிறது. கோயில் திருவிழாவில் மேளச்சமா நடக்கேக்க தவில்காரரின் வலது கையைக் கிட்டப்போய்ப் பாருங்கோ. இடது கையில் பூவரசங் கழி. வலது கை விரல்களில் கூடு. துணியைப் பசையில் தோய்த்து விரலில் சுற்றிக் காயவைத்து இறுக்கின உறை அது. அளவெட்டியின் பேரோடு அறியப்பட்ட தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1975 இல் மறைந்தார். இண்டைக்கும் இணுவிலிலயும் அளவெட்டியிலயும் அவரைப் பற்றிக் கதைக்காத மேளக்காரர் குறைவு. அந்த மரபில் ஒருத்தரும் கூடு போடுகிறதைப் பலவீனம் எண்டு நினைக்கிறதில்லை. வாத்தியம் விரலிடம் என்ன கேட்குது, விரலால் எவ்வளவு குடுக்க ஏலும் எண்டு கணக்குப் பார்த்து நடுவில் ஒரு பொருளை வைத்திருக்கினம். ஆனால் பேஸ் இசைக்குழுப் பெடியங்களுக்குள், பிக் பிடித்து வாசித்தால் அது பேஸ் இல்லை எண்டு ஒரு கதை இருக்கு. கரோல் கேய் எத்தனையோ அமெரிக்க இசைத்தட்டுகளில் பேஸ் வாசித்தது பிக்கால்தான். விரல் புண்ணாக இருக்கிற கிழமை பிக்கைப் பிடியுங்கோ. ஒருவரும் செத்துப்போக மாட்டினம்.

இனி, தோலை விடக் கடினமான விசயத்துக்கு வாறன்.

மூன்றாம் மாதம் அளவில் என்ர இடது கை விரல்நுனிகள் நாலும் தடித்துவிட்டன. ஒருநாள் அம்மம்மா கையைப் பிடித்துத் தடவினா.

"இதென்ன பிள்ளை, தோட்டம் கொத்தினவையின்ர கை மாதிரிக் கிடக்கு?"

"கிட்டார் வாசிச்சுத்தான் அம்மம்மா."

"உதுக்கோ உன்னைப் படிப்பிச்சது? நாளைக்குப் பொம்பிளை பாக்க வாறவை கையைப் பாத்தா என்ன சொல்லுவினம்?"

அம்மம்மா கோப்பாய்ச் செம்மண்ணில் முப்பது வருசத்துக்கு மேல் வெங்காயமும் புகையிலையும் செய்தவ. அவவின் உள்ளங்கையில் மண்வெட்டிப்பிடி இருந்த இடம் இப்பவும் தெரியும். தன்ர பிள்ளைகளின் கை அப்பிடி ஆகக்கூடாது எண்டுதான் அவ அந்தக் கையை அப்பிடி ஆக்கினவ. யாழ்ப்பாணத்தில் மெத்தெண்ட கை எண்டது வெறும் தோல் இல்லை. அது படிச்ச குடும்பம், உத்தியோகம், சில இடத்தில் வாய்விட்டுச் சொல்லாத சாதிக் கணக்கு. இந்த ஊர் பெருமையாக ஏற்றுக்கொள்ளுகிற காய்ப்பு ஒன்றே ஒன்றுதான்: ஏ.எல் படிக்கிற பிள்ளையின் நடுவிரலில் பேனை அழுத்தி வருகிற சின்ன மேடு. அதைக் காட்டினால் எல்லாருக்கும் சந்தோசம். அதே விரலின் நுனியில் கம்பி போட்ட மேட்டைக் காட்டினால் கேள்வி. அதுவும் பெட்டை எண்டால் இரண்டு கேள்வி.

நான் அம்மம்மாவோடு வாதாடவில்லை. அவவின் கையும் என்ர கையும் ஒண்டு எண்டு சொல்லவும் மாட்டன். அவவுக்கு அது வயிற்றுப்பாடு. நான் விரும்பி எடுத்தது, வேண்டாமெண்டால் நாளைக்கே வைத்துவிடலாம். ஆனால் எந்தக் காய்ப்பு மதிப்பு, எந்தக் காய்ப்பு வெட்கம் எண்டு தீர்மானிக்கிற அந்தக் கணக்கு அவவின் கையையும்தானே கேவலப்படுத்துது? பொம்பிளை பார்க்க வாறவை என்ர கையைப் பார்த்து முகம் சுழித்தால், அவை சுழிக்கிறது அம்மம்மாவின் கைக்கும் சேர்த்துத்தான். மும்பையிலிருந்து வந்து ஏ. ஆர். ரகுமானோடு மேடையில் பேஸ் வாசித்த மோகினி டேயின் காணொளி ஒன்றை அவவுக்குப் போட்டுக் காட்டினன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உவவுக்கும் உப்பிடித்தான் கை நோகுமோ?" எண்டு கேட்டா. நோகும் எண்டன். "எண்ணெய் போடச் சொல்லு" எண்டுவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போட்டா.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. நோவைப் பெருமையாக்காதேங்கோ. கம்பியில் ரத்தம் பட வாசித்தேன் எண்டு படம் போடுகிற ஆக்களைப் பார்த்துப் பயிற்சியின் அளவைத் தீர்மானிக்காதேங்கோ. விரல்நுனித் தோல் எரிவது ஒரு வகை. அது பழகப்பழகக் குறையும். மணிக்கட்டில் குத்து, விரல் விறைப்பு, இரவில் கை மரத்துப் போதல், மூட்டில் நோ, இவை வேறு வகை. அதெல்லாம் தசைநாணும் நரம்பும் சொல்லுகிற செய்தி, அங்கே காய்ப்பு வராது. வாசிப்பதை நிப்பாட்டி, மணிக்கட்டு எவ்வளவு மடங்கி இருக்கு எண்டு பாருங்கோ. தோள்பட்டி நீளத்தை மாற்றி கிட்டாரைக் கொஞ்சம் உயர்த்துங்கோ. குறையவில்லை எண்டால் டொக்டரிட்டைப் போங்கோ. நீரிழிவு உள்ள ஆக்கள் சின்னப் புண்ணையும் கவனமாகப் பார்க்க வேணும்.

ஏ.எல் சோதினைக்காகக் கிட்டாரை அலுமாரிக்கு மேல் ஏத்தி வைத்திருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு வார்த்தை. சில மாதம் தொடாவிட்டால் காய்ப்பு மெலிந்துபோகும், அது இயல்பு. சோதினை முடிந்த அண்டைக்கே பழைய வேகத்தில் தொடங்காமல் 10 நிமிசத்தில் தொடங்குங்கோ. தோல் திரும்ப வர ஒரு மாதம் எடுக்கும். பாட்டு விரலுக்குள் இருக்கும், அது அவ்வளவு கெதியாய்ப் போகாது.