மத்தியான வெயிலும் விடியற்காலை வெந்நீரும்

6 ஜனவரி 2025, திங்கள்

விடியற்காலை நாலே கால். மகன் குளிக்கிறான், நான் மீட்டர் எதிரில் நிற்கிறேன். மாரிகுப்பம் ரயிலைப் பிடித்தால்தான் பெங்களூரில் நேரத்துக்கு வேலைக்குப் போய்ச் சேர முடியும். 2001 பிப்ரவரி 28-ல் கோலார் தங்கச் சுரங்கத்தை மூடியதிலிருந்து இந்த ஊருக்கு ஷிஃப்ட் சங்கு ரயிலின் ஊதல்தான்.

மாடியில் 2 கிலோவாட் சோலார் போட்டு இரண்டு மாதம் ஆகிறது. மானியம் 60,000 ரூபாயும் வந்துவிட்டது. ஆனால் வீட்டிலேயே அதிகம் கரண்ட் குடிக்கும் கீசர் (25 லிட்டர், 2 கிலோவாட்) ஓடுவது கும்மிருட்டில். வெயில் கொளுத்தும் நேரத்தில் ஃபிரிட்ஜும் நாங்கள் இரண்டு கிழங்களும்தான்.

8 ஜனவரி, புதன்

ராபர்ட்சன்பேட்டையில் 16 ஆம்பியர் டைமர் வாங்கி கீசருக்கு மாட்டியாயிற்று. சுற்றும் தட்டில் முள் வைக்கிற பழைய மாதிரி. பகல் 12 மணிக்குப் போடும், தெர்மோஸ்டாட் 65 டிகிரியில் நிறுத்தும். “சாயங்காலம் கொதிக்க வச்சு காலையில குடிக்கிற காப்பி மாதிரி இருக்கும் பாருங்க” என்றாள் வீட்டுக்காரி.

9 ஜனவரி, வியாழன்

காலை நாலே காலுக்கு வாளியில் தெர்மாமீட்டர் விட்டேன்: 51. பதினைந்து மணி நேரத்தில் 14 டிகிரி இறங்கியிருக்கிறது. 25 லிட்டருக்குக் கணக்குப் போட்டால் நஷ்டம் 0.4 யூனிட். பச்சைத் தண்ணீர் கலந்தால் இரண்டு வாளி தாராளம்.

மகனுக்குச் சிரிப்பு. “நெட் மீட்டர் இருக்கேப்பா. பகல்ல அனுப்புனதையும் ராத்திரி இழுத்ததையும் கழிச்சுத்தானே பில் போடுறாங்க? உங்க 0.4 யூனிட் தண்டம்.” கணக்குப்படி அவன் சொல்வது சரி. ஒப்புக்கொண்டேன். டைமரைக் கழற்றவில்லை.

10 ஜனவரி, வெள்ளி

பதினொன்றரைக்குக் கரண்ட் போயிற்று. தலைக்கு மேல் அத்தனை வெயில், கீழே ஒரு விளக்கு எரியவில்லை. லைன் செத்தால் எங்கள் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற ஆளுக்கு எங்கள் மாடிக் கரண்ட் அடிக்கும். நியாயம்தான், ஆனாலும் வயிற்றெரிச்சல்.

ஒன்றரைக்கு வந்தது. டைமரின் தட்டும் இரண்டு மணி நேரம் நின்றிருந்ததால் அதற்கு அப்போதுதான் பதினொன்றரை. கையால் திருப்பி வைத்தேன்.

இத்தனைக்கும் 1902-லேயே சிவசமுத்திரத்துக் காவேரி மின்சாரம் ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி வழியாக இந்த ஊருக்கு வந்துவிட்டது. பெங்களூர்த் தெருவிளக்குக்கு அது 1905-ல்தான். வந்தது சுரங்கத்துக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொள்ள வேண்டும், பெருமை கொஞ்சம் அடங்கும்.

11 ஜனவரி, சனி

இன்னொரு விஷயம் பிடிபட்டது. உச்சி வெயிலில்கூடப் பேனல் தருவது 1.4 கிலோவாட்தான். கீசர் கேட்பதோ 2. மீதி லைனிலிருந்து வருகிறது. அதனால் தேடிப் பிடித்து 1 கிலோவாட் எலிமென்ட் வாங்கினேன். முக்கால் மணிக்குள் முடிகிற வேலை இனி ஒன்றேகால் மணி இழுக்கும். இழுக்கட்டும், எனக்கென்ன ஆபீஸா?

பழைய எலிமென்ட்டைக் கழற்றியபோது எலக்ட்ரீஷியன் பையன் “சார், இது எலிமென்ட்டா சுண்ணாம்புக் குச்சியா?” என்றான். எல்லாம் போர் தண்ணீர் செய்த வேலை. முன்பு வைத்திருந்த சோலார் வாட்டர் ஹீட்டரின் குழாய்களும் இப்படி உப்பு கட்டித்தான் அடைத்துக்கொண்டன. வெயிலில் நேராகத் தண்ணீரைச் சுட வைப்பதுதான் புத்திசாலித்தனம் என்று இன்றும் நினைக்கிறேன். தண்ணீர்தான் சம்மதிக்கவில்லை.

13 ஜனவரி, திங்கள், போகி

விடியற்காலை மூன்றரைக்குக் கரண்ட் இல்லை. தெருவெல்லாம் போகிப் புகை, நடுக்கும் குளிர். மகன் செல்போன் வெளிச்சத்தில் குளியலறைக்குள் போனான். குழாயைத் திறந்ததும் நேற்று மத்தியானம் சுட்ட தண்ணீர் வந்தது. மாடித் தொட்டித் தண்ணீர் தள்ள, கீசரிலிருந்து வெந்நீர் இறங்குகிறது. அதற்குக் கரண்ட் எதற்கு? “சுடுதுப்பா, பச்சத் தண்ணி கொஞ்சம் சேத்துக்கறேன்” என்று உள்ளிருந்து குரல். 0.4 யூனிட்டைப் பற்றிப் பேச்சில்லை.

அப்பா நினைப்பு வந்தது. அவர் வேலை பார்த்த சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம். அந்த ஆழத்தில் பாறையின் சூடே 60 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் வெந்து வந்தவர் சுரங்க லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்ததும் கேட்பது வெந்நீர்தான். அம்மா விறகடுப்பில் அண்டாவை ஏற்றி வைத்திருப்பாள். வெந்தவருக்கு எதற்கு வெந்நீர் என்று ஒரு நாளும் கேட்கத் தோன்றியதில்லை.

“நாளைக்குப் பொங்கலுக்கு உங்க தங்கச்சி வீட்ல ஆறு பேரு வர்றாங்க. ரெண்டு வாளி எந்த மூலைக்கு?” என்று வீட்டுக்காரி கேட்டாள். பரண் மேலிருந்து அண்டாவை இறக்கினேன். ஈயம் பூச வேண்டியதில்லை, குளிக்கத்தானே. புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.