ஜன்னலுக்கு வெளியே படகு

2023 ஜூன் 6, மாதேஸ்வரன் மலை

அப்பா மாசியில் போனார். அதன் பிறகு அம்மாவை மேட்டூரில் தனியாக விட மனசில்லாமல் மலைக்குக் கூட்டி வந்துவிட்டோம். சரியாகச் சாப்பிடுவதில்லை, பேசுவதும் குறைவு. எதையாவது எழுதி வைக்கலாம் என்று பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஆரம்பித்திருக்கிறேன்.

தம்பி கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டான். நேற்று சென்னைத் துறைமுகத்தில் 'எம்பிரஸ்' என்ற சொகுசுக் கப்பலை மத்திய அமைச்சர் சர்பானந்த சோனோவால் கொடியசைத்து இலங்கைக்கு அனுப்பிவைத்தாராம். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை.

"அம்மாவைக் கூட்டிட்டுப் போலாங்க்கா. பொறந்த நாட்டைப் பார்த்த மாதிரியும் இருக்கும்."

அம்மாவிடம் சொன்னேன். "கப்பலா?" என்றாள். அவ்வளவுதான். வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

ஜூன் 9

வாட்ஸ்அப்பில் கப்பலின் தளப்படம் வந்திருக்கிறது. தேன்கூடு மாதிரி அறைகள். ஜன்னலே இல்லாத உள்ளறை, கடல் தெரியும் ஜன்னலறை, பால்கனி அறை என்று விலை ஏறிக்கொண்டே போகிறது. டிராவல்ஸ்காரர் தம்பியிடம் இன்னொரு ரகமும் சொல்லியிருக்கிறார். ஜன்னல் உண்டு, வெளிச்சம் வரும், ஆனால் வெளியே உயிர்காப்புப் படகு தொங்கும். கடல் அரைகுறையாகத்தான் தெரியும். உள்ளறையை விடக் கொஞ்சம் கூட, முழு ஜன்னலை விடக் குறைவு.

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. கோயில் தெருவில் நாலு ரூம் வாடகைக்கு விடுகிறவள் நான். பின்பக்க ரூமின் ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் டேங்க். "டேங்க் தெரியும்" என்று யாரிடமும் சொல்வதில்லை. "வெயில் அடிக்காது, ராத்திரி குளுகுளுன்னு இருக்கும்" என்போம். அதுவும் பொய்யில்லை. மார்ச்சில் 108 அடி மாதேஸ்வரர் சிலையைத் திறந்தார்கள் அல்லவா, அதிலிருந்துதான் "சிலை தெரியற ரூம் இருக்கா?" என்று கேட்கிறார்கள். முன்பெல்லாம் வெந்நீர் வருமா என்பது ஒன்றே கேள்வி.

அந்தத் தொழில் புத்தியில் தம்பிக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினேன். படகு ஜன்னலுக்கு நேரேயா, கீழேயா? கீழே என்றால் படகின் முதுகுக்கு மேலே வானமும் தூரத்துக் கடலும் தெரியும். நேரே என்றால் சுவர்தான். ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் நடக்கும் வழி உண்டா? இருந்தால் பகல் முழுக்கத் திரை போட வேண்டும். அறை கப்பலின் நடுவிலா, முனையிலா? முனையில் ஆட்டம் அதிகம். அம்மாவுக்கு மலைப் பஸ்ஸிலேயே வாந்தி வரும்.

கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் வந்தது. படகுகள் பெரும்பாலும் நடுப்பகுதியில்தான் தொங்குமாம். அதனால் அந்த அறைகளும் அங்கேதான்.

ஜூன் 11

கர்நாடகத்தில் இன்று முதல் பெண்களுக்கு அரசு பஸ் இலவசம். எங்கள் மலையும் கர்நாடகத்தில்தானே, நாளையிலிருந்து கூட்டம் தாங்காது.

ஜூன் 14

இரவு கரண்ட் போய்விட்டது. திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அம்மா தானாகவே ஆரம்பித்தாள்.

1971. அவளுக்குப் பதிமூன்று வயது. இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 1964-இல் போட்ட ஒப்பந்தப்படி இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக முடிவு; அந்தக் கணக்கில் இவள் வீடும் விழுந்தது. தலைமன்னாருக்குப் போன ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்பார்களாம். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் அழுகை. அங்கிருந்து கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம்.

"கடல் எப்படிம்மா இருந்துச்சு?"

"எங்க பார்த்தேன்? தகரப் பெட்டி மேல உக்கார வச்சுட்டாங்க. சுத்தி ஆளுங்க முதுகு. ஆத்தா அழுதுகிட்டே இருந்துச்சு. எறங்குனப்பதான் தண்ணியப் பார்த்தேன்."

பெரியம்மா அங்கேயே தங்கிவிட்டார். அவர் புருஷன் பெயர் இலங்கைக் கணக்கில்.

பால்கனி அறையே எடுத்துவிடலாம் என்று தம்பிக்கு அப்போதே செய்தி போட்டேன். அம்மாவிடம் காட்டினால், "தோட்டத்து லயத்துக் காம்பராவுல எந்தச் சன்னலக் கண்டேன். காசக் கரியாக்காதீங்க" என்றாள்.

ஜூன் 18

அமாவாசை. ஞாயிறு வேறு. பக்தர்களின் "உகே மாதப்பா" சத்தத்தில் காது அடைத்துவிட்டது. டேங்க் ரூமுக்கு மூன்று குடும்பம் போட்டி. மற்றவர்கள் வெறுந்தரையில் துண்டு விரித்துப் படுத்தார்கள்.

ஜூன் 23

டைட்டானிக்கைப் பார்க்கப் போன நீர்மூழ்கி நொறுங்கி ஐந்து பேரும் இறந்துவிட்டார்கள் என்று டிவியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அம்மா பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அந்தச் சன்னலை மறைக்கிற படகுல எல்லாருக்கும் எடம் இருக்குமா?"

என் மகளிடம் இணையத்தில் தேடச் சொன்னேன். 1912-இல் டைட்டானிக்கில் ஏறத்தாழ 2,200 பேர். படகுகள் 20, அதில் 1,178 பேருக்குத்தான் இடம். அன்றைய சட்டம் அவ்வளவுகூடக் கேட்கவில்லை. 1914-இல் நாடுகள் கூடிக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கை போட்டன. இப்போது படகும் மிதவையுமாகக் கப்பலில் இருக்கும் அத்தனை பேருக்கும் இடம் வேண்டும். பொது விதிப்படி ஒரு படகில் அதிகபட்சம் 150 பேர். அப்படியானால் ஜன்னலை மறைப்பது அந்தச் சட்டம்தான். அந்த அறையைத்தான் விலை குறைத்து விற்கிறார்கள்.

படகு பக்கத்தில் இருந்தால் நல்லதுதானே என்று எனக்கு ஒரு சந்தோஷம். அதுவும் நிலைக்கவில்லை. யாருக்கு எந்தப் படகு என்பதைக் கப்பல்காரர்கள் தனியாகச் சொல்வார்களாம். ஜன்னலில் தொங்குவது நம்முடையதாக இருக்க வேண்டியதில்லை.

ஜூலை 2

தம்பியோடு சண்டை.

அம்மா கேட்டது சின்னக் கேள்வி. "திரிகோணமலைக்கும் அட்டனுக்கும் எவ்வளவு தூரம்?" போனை ஸ்பீக்கரில் போட்டேன். மலைப்பாதையில் ஒரு பகல் ஆகும், போய்த் திரும்ப முடியாது, கப்பல் சில மணி நேரந்தான் நிற்கும் என்றான். "அப்ப ஒங்க பெரியம்மா?" என்றாள். அவன் காங்கேசன்துறை பக்கம் கோயில்கள் இருக்கின்றன என்று சொல்ல ஆரம்பித்தான். நான் போனைப் பிடுங்கிக் கத்திவிட்டேன். பால்கனியும் படகும் என்று ஒரு மாதமாகப் பேசினோமே, இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டாமா என்று அவனும் கத்தினான்.

அம்மா போய்க் குளித்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பினாள்.

ஜூலை 5

மழை. ஒரு ரூமும் போகவில்லை.

ஜூலை 8

சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் போய் ரயிலில் அட்டன் போகலாம் என்று தம்பி சொல்கிறான். கப்பல் பேச்சையும் விடவில்லை. அம்மா இரண்டுக்கும் ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் இரண்டாம் முறை ரசம் கேட்டாள்.

எதுவானாலும் பாஸ்போர்ட் வேண்டும். மேட்டூரிலிருந்து எடுத்து வந்த பெட்டியில் ஒன்று இருக்கிறது, கண்டியில் கொடுத்தது. தாத்தா பெயரில். குடும்பம் முழுவதும் ஒரே போட்டோவில் நிற்கிறது. அம்மாவுக்கென்று தனியாக இதுவரை பாஸ்போர்ட் எடுத்ததே இல்லை. வியாழக்கிழமை சேலம் போகிறோம்.