கதவுக்குள் ஒரு சிறு கதவு

புதிதாக வீடு கட்டுகிறவர்கள் வாசலைப் பற்றி எவ்வளவோ யோசிக்கிறார்கள். தலைவாசல் எந்தப் பக்கம் இருக்க வேண்டும், நிலை எந்த மரத்தில் அமைய வேண்டும், பூட்டு எவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும் என்றெல்லாம் கணக்குப் பார்க்கிறார்கள். ஆனால், சொல்லிக்கொள்ளாமல் வந்து நம்மோடு குடியேறிவிடும் ஓர் உயிருக்கும் வழி வைக்க வேண்டும் என்ற நினைப்பு நம்மில் எத்தனை பேருக்கு வருகிறது? அன்பார்ந்த வாசகர்களே, நான் சொல்வது பூனையைப் பற்றித்தான். சிரிக்க வேண்டாம். இந்தச் சிறு விஷயத்தில் நம் மார்க்கமும் இருக்கிறது, ஒரு தாயின் மனமும் இருக்கிறது.

எங்கள் ஊர் தேனி மாவட்டத்து ஜெயமங்கலம். வராக நதியின் தண்ணீரால் நெல் விளையும் பூமி. நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும்; எலி இருக்கும் இடத்தைப் பூனை தேடி வரும். எங்கள் பழைய ஓட்டு வீட்டில் இந்த வரவுக்கு யாரும் ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கவில்லை. நடுவில் திறந்த முற்றம். பூனைகள் ஓட்டின் மேல் நடந்து வந்து, முற்றத்தில் இறங்கி, குதிரைச் சுற்றி வந்து, வந்த வழியே போய்விடும். எந்தக் கதவையும் அவை தட்டியதில்லை.

அத்தா வஃபாத்தான பிறகு அந்த வீட்டைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் வீடு கட்டினோம். முற்றம் போயிற்று. சன்னல்களுக்குக் கொசுவலை, முன்புறம் இரும்புக் கிராதி, கொல்லைப்புறம் கனமான வேப்ப மரக் கதவு. பாதுகாப்பான வீடுதான். ஆனால் எலிக்கு மட்டும் அது பாதுகாப்பான வீடாக அமைந்துவிட்டது. அறுவடை மூட்டைகளோடும் சாக்கடைக் குழாய் வழியாகவும் அது உள்ளே வந்துவிட்டது. அதைப் பிடிக்க வேண்டிய பூனையோ வெளியே நின்றது.

எலிமருந்து வைக்கலாமே என்றார்கள் சிலர். தவழும் குழந்தைகள் உள்ள வீட்டில் அதை நினைத்துப் பார்க்கவே கூடாது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசை தமிழ்நாட்டில் எத்தனையோ உயிர்களைக் குடித்திருக்கிறது. அது கல்லீரலை அழித்துவிடும். அதற்கென்று தனியாக ஒரு முறிவு மருந்து இல்லை. ஆகவே, கொல்லையில் நின்று குரல் கொடுத்துக்கொண்டிருந்த சாம்பல் நிறப் பூனையை அம்மா உள்ளே விட்டார்கள். சில வாரங்களில் மூட்டைகளைக் கடிக்கும் சத்தம் அடங்கிவிட்டது.

சிக்கல் வேறு வடிவில் வந்தது. பூனை இரவில் நடமாடும் பிராணி. இஷாவுக்குப் பிறகு வெளியே போகும்; நள்ளிரவில் வந்து கதவருகே கத்தும்; உள்ளே வந்து ஒரு மணி நேரம் படுத்திருந்துவிட்டு மறுபடியும் வெளியே போகக் கத்தும். ஒவ்வொரு முறையும் எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கியவர்கள் என் தாயார். வயது 78. இரண்டு முழங்கால்களிலும் வலி. மார்கழி மாதத்து இரவொன்றில், இருட்டில் கொல்லைப் படியருகே கால் வழுக்கி, நிலையைப் பிடித்துக்கொண்டு தப்பினார்கள். அல்லாஹ் காப்பாற்றினான். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் என்னவாகும் என்பது முதியவர்களைப் பராமரிக்கும் குடும்பங்களுக்குத் தெரியும்.

மறுநாள் காலையில், கொல்லைக் கதவின் அடிப்பலகையில் பூனை தானாகவே தள்ளித் திறந்து போய்வர ஒரு சிறு கதவு வைத்துவிடலாம் என்று வீட்டில் சொன்னேன்.

இது மேல்நாட்டார் நேற்றுக் கண்டுபிடித்த ஆடம்பரம் அல்ல. இங்கிலாந்தில் எக்சிட்டர் நகரத்துப் பேராலயத்தில், 1598-ஆம் ஆண்டு அங்கிருந்த பிஷப்பின் பூனைக்காகக் கதவில் துளையிட்ட தச்சர்களுக்கு 8 பென்னி கூலி கொடுத்ததாகக் கணக்கு இருக்கிறது. அந்தக் கதவில் வட்டமான அந்தத் துளையை இன்றும் காணலாம். கெய்ரோவில், 1277-இல் மறைந்த சுல்தான் பைபர்ஸ், ஆதரவற்ற பூனைகளின் உணவுக்காக ஒரு தோட்டத்தையே வக்ஃப் செய்தார் என்பதும் சரித்திரம் தரும் செய்தி.

ஆனால் அம்மா உடனே சம்மதிக்கவில்லை.

"கதவுல ஓட்டை போட்டா வர்ற சனம் என்னப்பா சொல்லும்?" என்றார்கள் முதலில். அதற்கு நான் பதில் சொல்வதற்குள், "ராத்திரியில கதவை அடைக்கணும்னு ஹதீஸ் இருக்கே, அதுக்கு என்ன சொல்றே?" என்றார்கள்.

நல்ல கேள்விதான். இரவு வந்ததும் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிக் கதவுகளை அடைக்குமாறும், பாத்திரங்களை மூடுமாறும், விளக்குகளை அணைக்குமாறும் நபி (ஸல்) அவர்கள் ஏவியதை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரியில் பதிவாகியிருக்கிறது. விளக்கை அணைக்கச் சொன்னதற்கு அங்கே சொல்லப்படும் காரணத்தைக் கவனித்தீர்களா? எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்பதுதான் அது. கதவை அடைக்கச் சொல்லும் அதே ஹதீஸ், எலியைப் பற்றியும் எச்சரிக்கிறது. நாம் வைக்கப்போவது திறந்து கிடக்கும் ஓட்டை அல்ல. போன உடனே தானாக மூடிக்கொள்ளும் கதவு என்று எடுத்துச் சொன்னேன். எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டபோது அவர்களும் புன்னகையோடு ஆமோதித்தார்கள்.

அடுத்து, சுத்தம் பற்றிய கேள்வி. அபூகதாதா (ரலி) அவர்கள் உளூச் செய்ய மருமகள் தண்ணீர் வைத்தபோது ஒரு பூனை குடிக்க வந்தது. அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்து அதைக் குடிக்க விட்டார்கள். வியந்து பார்த்த மருமகளிடம், பூனை அசுத்தமானதல்ல, அது உங்களைச் சுற்றி வந்துகொண்டிருப்பவற்றில் ஒன்று என்று நபியவர்கள் கூறியதை எடுத்துரைத்தார்கள். அபூதாவூத், திர்மிதீ முதலிய நூல்களில் இச்செய்தி உள்ளது. ஆயினும், வேறு தண்ணீர் இருக்கும்போது பூனை வாய் வைத்த தண்ணீரைத் தவிர்ப்பதே நல்லது என்பது நம் ஹனஃபி மத்ஹபின் நிலை. ஆகவே, உளூப் பாத்திரத்துக்கும் குடிதண்ணீர்ப் பானைக்கும் மூடி போடுவது என்று முடிவு செய்தோம். பாத்திரத்தை மூடுங்கள் என்ற ஏவலும் அதனால் நிறைவேறிற்று.

இத்தனைக்கும் பிறகும் அம்மாவின் முகம் தெளியவில்லை. காரணத்தை என்னிடம் சொல்லவில்லை. என் மனைவியிடம்தான் சொன்னார்கள். அத்தா கடைசி இரண்டு ஆண்டுகள் படுக்கையில் இருந்தார்கள். இரவில் நான்கு முறை, ஐந்து முறை அம்மாவைக் கூப்பிடுவார்கள். தண்ணீர் வேண்டும், புரட்டிப் போட வேண்டும், ஒன்றும் வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும் என்று ஏதாவது ஒன்றுக்காகக் கூப்பிடுவார்கள். அவர்கள் போன பிறகு இரவில் அம்மாவைக் கூப்பிட யாரும் இல்லை. "இந்தப் பூனைதாம்மா என்னையக் கூப்பிடுது. அதுக்கும் நான் வேணாம்னு ஆயிருச்சுன்னா, ராத்திரியில நான் எதுக்கு எந்திரிக்கிறது?" என்றார்களாம்.

வாசகர்களே, முதியவர்களுக்கு நாம் செய்யும் வசதிகளைப் பற்றி இந்த இடத்தில் சற்று நிதானித்து நினைத்துப் பாருங்கள். அவர்களது சிரமத்தைக் குறைக்கிறோம் என்று நினைத்து அவர்களது தேவையையே சில சமயம் குறைத்துவிடுகிறோம். வேலை போய்விட்டால் ஓய்வு கிடைக்கும் என்பது நம் கணக்கு. வேலையோடு தன் மதிப்பும் போய்விடும் என்பது அவர்களது அச்சம்.

கதவை வைக்காமல் இருக்கவும் முடியாது; அந்தப் படியில் இன்னொரு முறை கால் வழுக்கலாம். ஆகவே அம்மாவிடமே போய், "கதவை நீங்களே நின்று செய்து வாங்குங்கள். பூனையின் அளவு உங்களுக்குத்தானே தெரியும்?" என்று கேட்டுக்கொண்டேன். தாழ்ப்பாள் பொறுப்பு கதவுக்கு, சாப்பாட்டுப் பொறுப்பு அம்மாவுக்கு என்று பிரித்துக்கொண்டோம்.

ஆசாரியை வரவழைத்தோம். நூல் பிடித்துப் பூனையை அளந்தவர்கள் அம்மாதான். உங்கள் வீட்டிலும் செய்ய நினைத்தால் பயன்படும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். துளை ஆறரை அங்குல அகலம், ஏழரை அங்குல உயரம். துளையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 5 அங்குலம் மேலே. பூனையின் வயிற்று மட்டத்துக்கு இருந்தால் அது தாண்டாமல், குனியாமல் நடந்து போகும். கதவின் சட்டத்தில் கை வைக்கக் கூடாது, கதவு வலுவிழந்துவிடும். நடுவில் உள்ள பலகையில்தான் வெட்ட வேண்டும். நான்கு மூலைகளிலும் துளையிட்டு, சிறு ரம்பத்தால் அறுத்து, விளிம்புகளை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்தார் ஆசாரி. தகரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். பூனைக்கும் குழந்தைகளின் விரலுக்கும் அது ஆபத்து. பெரியகுளத்தில் வாங்கிய, கண்ணாடி போன்ற அக்ரிலிக் தகட்டைத் துளையைவிடச் சற்றுச் சிறியதாக வெட்டி, மேலே ஒரு கம்பியில் தொங்கவிட்டார். இருபுறமும் அது ஆடும். மறுபக்கம் தெரிவதால் பூனைக்குப் பயம் இருக்காது. தகட்டின் அடியில் ஒரு சிறு காந்தம், அதற்கு நேரே துளையின் விளிம்பில் இன்னொன்று. காற்றுக்குத் தகடு ஆடாமல் அவை பிடித்துக்கொள்ளும்.

வெளியிலிருந்து கைவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கிவிட முடியாதபடி, கதவின் மேல்கோடியில் ஒரு தாழ்ப்பாள் கூடுதலாக வைத்தோம். பாம்பு பற்றிய அச்சமும் நியாயமானதே. எங்களைச் சுற்றிலும் வயல். அதனால் கதவருகே கிடந்த விறகையும் தென்னை மட்டைகளையும் அப்புறப்படுத்தினோம். துளையை முழுவதும் அடைக்க உட்புறம் ஓர் இழுப்புப் பலகையும் உண்டு. அடைமழைக் காலத்தில் அதை மூடிவிட்டு, பூனையை உள்ளே வைத்து, அதற்கு ஒரு மணல் தட்டு கொடுத்துவிடுவோம். பெரிய நகரங்களில் இத்தகைய கதவுகள் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. உள்ளே மட்டும், வெளியே மட்டும், இருபுறமும், முழு அடைப்பு என்று நான்கு வகையில் பூட்டும் வசதியும் அவற்றில் உண்டு.

பூனைக்குப் பழக்குவது அம்மாவின் வேலையாயிற்று. முதல் சில நாட்கள் தகட்டைத் தூக்கிக் கட்டி, வெறும் துளை வழியே கருவாட்டைக் காட்டி அழைத்தார்கள். பிறகு தகட்டைப் பாதி இறக்கினார்கள், பிறகு முழுவதும். மூக்கால் தள்ளிவிட்டு, வால் சிக்கிக்கொள்ளுமோ என்று தயங்கித் தயங்கி, பத்தாம் நாள் அது தயக்கமின்றி நுழைந்தது. பூனையை ஒருபோதும் பிடித்துத் தள்ளாதீர்கள். தள்ளினால் பிறகு அந்தப் பக்கமே வராது.

வெளியே திரிந்து வரும் பூனைக்கு வெறிநோய்த் தடுப்பூசி அவசியம். கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டு, ஆண்டுதோறும் மறக்காமல் புதுப்பித்துவிடுங்கள். பூனை கடித்தாலோ கீறினாலோ அந்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

இப்போது பூனை கதவருகே நின்று கத்துவதில்லை. சமையலறை வழியாக நேரே அம்மாவின் கட்டிலருகே வந்து கத்துகிறது! பெரும்பாலும் அது தஹஜ்ஜுத் நேரமாக இருக்கிறது. இருட்டில் படியருகே போகத் தேவையில்லாததால், அம்மா விளக்கைப் போட்டு, மெதுவாக எழுந்து, உளூச் செய்து தொழுகிறார்கள். பஜ்ருக்குப் பிறகு அதற்கு மீனும் சோறும் பிசைந்து வைக்கிறார்கள்.

ஒரு பூனையைக் கட்டிப்போட்டு, அது இறக்கும்வரை அடைத்து வைத்ததற்காக வேதனை செய்யப்பட்ட பெண்ணின் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருப்பதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அவள் அதற்கு உணவளிக்கவில்லை, தண்ணீர் தரவில்லை என்பதோடு அச்செய்தி நிற்கவில்லை. பூமியின் சிறு பிராணிகளைத் தின்று பிழைக்கவும் அவள் அதை விடவில்லை என்றும் சொல்கிறது. உணவு எப்படி அதன் உரிமையோ, அப்படியே வெளியே போய்வரும் வழியும் அதன் உரிமை என்பது இதிலிருந்து விளங்குகிறது அல்லவா? சுற்றி வருபவை என்று நபியவர்கள் பெயர் சொன்ன உயிர், சுற்றி வர வழி வேண்டாமா?

ஆகவே, புது வீடு கட்டும் சகோதரர்களே, கதவுக்கு அளவு கொடுக்கும்போதே ஆசாரியிடம் இதையும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அரை நாள் வேலைதான். ஆனால் அதற்கு முன், அந்த வீட்டில் இரவில் எழுந்து கதவைத் திறந்துகொண்டிருப்பவர் யார் என்று பாருங்கள். அவரிடம் கேட்டு, அவர் கையாலேயே அதைச் செய்யுங்கள். நம் வீடுகளில் வாயில்லாத உயிர்களும் வயதான உயிர்களும் மனம் நோகாமல் வாழ வல்ல நாயன் அருள்புரிவானாக. ஆமீன்.