யூரோப்பா: முகமும் அகமும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது பழமொழி. மனிதரைப் பொறுத்தவரை அஃது எத்துணை உண்மை என்பது வேறு விடயம். வியாழனின் உபகோள்களுள் ஒன்றாகிய யூரோப்பாவை ஆராயும் அறிஞர்க்கோ அப்பழமொழியே வழிகாட்டி. சில வேளைகளில் அதுவே இடறுகல்லும் ஆகின்றது. யூரோப்பாவின் பனி மேலோட்டின் கீழே உப்புநீர்க் கடலொன்று இருத்தல் வேண்டும் என்பதற்குக் கலிலியோ விண்கலத்தின் காந்தமானி தந்த அளவீடுகள் வலுவான ஆதாரமாயுள்ளன. ஆயினும் அக்கடலை எவரும் கண்டதில்லை. அப்பனியைத் துளைத்து உட்சென்ற கருவியும் இல்லை. எஞ்சியிருப்பது முகம் ஒன்றே. முகத்திற் படிந்துள்ள பொருள்களைக் கொண்டே அகத்தின் இயல்பை உய்த்துணர வேண்டியுள்ளது.

அம்முகத்தைப் படிப்பதற்குரிய மொழி ஒளியாகும். ஞாயிற்றொளி ஒரு பரப்பிற் பட்டுத் தெறிக்கையில், அப்பரப்பிலுள்ள பொருள்கள் தத்தமக்குரிய அலைநீளங்களை உறிஞ்சிக் கொள்கின்றன. தெறித்து வரும் ஒளியை நிறமாலையாக விரித்து வரைந்தால், உறிஞ்சப்பட்ட இடங்கள் வளைகோட்டிற் பள்ளங்களாகத் தோன்றும். நீர்ப்பனியானது செங்கீழ்ப் பகுதியில் 1.5, 2.0 மைக்கிரோமீற்றர் அளவில் ஆழ்ந்த பள்ளங்களை உண்டாக்கும். யூரோப்பாவில் நீர்ப்பனி உண்டென்பது 1972 ஆம் ஆண்டில், புவியிலுள்ள தொலைகாட்டி வழியாகவே இவ்வாறு உறுதி செய்யப்பட்டது.

1989 இல் ஏவப்பட்ட கலிலியோ 1995 டிசம்பரில் வியாழனை அடைந்தது. அதன் பிரதான அன்ரெனா முற்றாக விரியாமற் போனமையால், திரட்டிய தரவுகளைச் சிறிது சிறிதாகவே அனுப்ப முடிந்தது. எனினும், 0.7 முதல் 5.2 மைக்கிரோமீற்றர் வரை நோக்கவல்ல அதன் நிறமாலைமானி புதிரொன்றைக் கண்டது. வெண்பனிப் பகுதிகளில் நீரின் பள்ளங்கள் எதிர்பார்த்தவாறே அமைந்திருந்தன. செங்கபில நிறப் பகுதிகளிலோ அவை ஒருபுறம் சாய்ந்து உருத்திரிந்து காணப்பட்டன. அங்குள்ள நீர் தனித்த பனியாக நில்லாது, வேறொரு பொருளோடு பிணைந்து நின்றது.

அப்பொருள் யாது? மகனீசியம் சல்பேற்றுப் போன்ற நீரேறிய உப்புக்கள் என்றனர் தோமஸ் மக்கோட் குழுவினர் (1998). நீரேறிய சல்பூரிக்கமிலம் என்றனர் றொபேட் கால்சன் குழுவினர் (1999). வளைகோடு ஒன்று, பொருள்கோள் இரண்டு. உப்பெனின், அஃது அகத்துக் கடல் முகத்தில் விட்டுச் சென்ற சுவடாகலாம். அமிலமெனின், கதை புறத்தே தொடங்குகின்றது. அயல் உபகோளான அயோவின் எரிமலைகள் கக்கும் கந்தகம் மின்னேற்றம் பெற்று, ஏறத்தாழப் பத்து மணித்தியாலத்துக்கு ஒருமுறை சுழலும் வியாழனின் காந்தப்புலத்தோடு சுற்றுகின்றது. மூன்றரை நாளில் ஒருமுறை வலம்வரும் யூரோப்பாவை அது பின்னிருந்து எட்டிப்பிடித்து, அதன் பின்னரைக்கோளத்தைத் தாக்குகின்றது. பிணக்கு எளிதில் தீராமைக்குக் காரணமும் உண்டு. பள்ளத்தை ஆக்கியது நீரே. தான் எதனைப் பற்றி நின்றது என்பதை அந்நீர் ஐயத்துக்கு இடமின்றிக் கூறவில்லை.

இவ்விடத்தில், அடுக்களையில் உள்ள கறியுப்பு மனங்கொள்ளத்தக்கது. தூய சோடியங் குளோரைட்டு இச்செங்கீழ்ப் பகுதியில் தனக்கென ஒரு பள்ளத்தையும் காட்டாது. ஆகவே, செங்கீழ்க் கருவியின் மௌனத்தை உப்பின் இன்மையெனக் கொள்ளல் பொருந்தாது. யூரோப்பாவை ஒத்த நிலைமைகளில் அவ்வுப்பின் மீது ஆய்வுகூடத்தில் இலத்திரன்களைப் பாய்ச்சியபோது அது மஞ்சள் நிறம் பெற்றது. அந்நிறத்துக்குரிய, 450 நனோமீற்றர் அளவிலான பள்ளத்தைச் சமந்தா ட்ரம்போவும் சகபாடிகளும் ஹபிள் தொலைகாட்டியின் துணைகொண்டு யூரோப்பாவிற் கண்டு 2019 இல் வெளியிட்டனர். வெண்ணிற உப்பை மறைத்து நின்றது அதன் நிறமின்மை. அதனைக் காட்டிக்கொடுத்தது அதனைச் சிதைக்கும் கதிர்வீச்சே. அவ்வுப்புச் செறிந்திருந்த தாரா என்னும் பிரதேசம், அயோவின் கந்தகம் மிகுதியாகப் படியாத முன்னரைக்கோளத்தில் உள்ளது. மேலோடு உடைந்து குழம்பிய நிலம் அது. அதே பிரதேசத்தில் காபனீரொட்சைட்டும் செறிந்திருப்பதை 2023 இல் ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி காட்டியது. அதிலுள்ள காபன் அகத்திலிருந்தே வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் துணிபு.

எனவே முகம் முழுவதும் ஒரே சான்றன்று. பின்னரைக்கோளம் பெரிதும் அயலான் பூசிய பூச்சு; தாரா போன்ற இடங்களிலேயே அகம் சற்று வெளிப்படுகின்றது. கடலில் மிகுந்திருப்பது சல்பேற்றா, குளோரைட்டா என்பது, அதன் நீர் அடித்தளப் பாறையோடு எவ்வாறு வினைபுரிந்தது என்பதையும், அங்கு உயிர் நிலைத்தல் கூடுமா என்பதையும் தொட்டு நிற்கும் வினா. அவ்வுயிர் இருந்தால் அதற்குத் தீங்கு நேரலாகாது என்று கருதியே, 2003 செப்டெம்பர் 21 இல் கலிலியோவை வியாழனுள் வீழ்த்தி அழித்தனர்.

2024 ஒக்ரோபர் 14 இல் ஏவப்பட்ட யூரோப்பா கிளிப்பர் 2030 இல் வியாழனை அடையும் என எதிர்பார்க்கப்படுகின்றது. அதன் நிறமாலைமானி, கலிலியோவினதைவிட நுண்ணிய இடங்களைத் தனித்தனியே நோக்கவல்லது. அதுவும் முகத்தையே படிக்கும். ஆயினும், எந்த மறு அகத்தினது, எந்த மறு அயலினது என்பதைப் பிரித்தறிய முயலும் கண்ணோடு அது செல்கின்றது.